இறந்த சால்மனின் கணக்கு: கார்லுக் ஏரியும் ஊட்டச்சத்துக் கோட்பாட்டின் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

பசிபிக் சால்மன் மீன்கள் கடலில் வளர்ந்து, தாம் பிறந்த ஆற்றுக்குத் திரும்பி, முட்டையிட்டபின் இறக்கின்றன. அவற்றின் உடல்கள் ஆற்றுக்கும் கரைக்கும் உரமாகின்றன என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. இக்கருத்து எவ்வாறு உருவாயிற்று, 1930களிலேயே முன்வைக்கப்பட்டும் மீன்வள நிருவாகத்தில் அது நெடுங்காலம் இடம்பெறாமல் போனது ஏன் என்பவற்றை அலாஸ்காவின் கார்லுக் ஏரியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. பிடிபட்ட மீன், விதைமீன் என்னும் இரு பத்திகளைக் கொண்ட கணக்குமுறையில் இறந்த மீனுக்கு மூன்றாவது பத்தி இல்லாமற்போனதே அதற்கு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சால்மன், வலசை மீன்கள், கார்லுக் ஏரி, தழைச்சத்து, மணிச்சத்து, சூழலியல் வரலாறு, மீன்வள நிருவாகம்.

முன்னுரை

1805 அக்டோபரில் மெரிவெதர் லூயிஸ், வில்லியம் கிளார்க் ஆகியோர் தலைமையிலான அமெரிக்கப் பயணக்குழு, ஸ்நேக் ஆறு கொலம்பியா ஆற்றுடன் கலக்கும் இடத்தை அடைந்தது. நீரில் திரளாக நீந்திய சால்மன்களையும், கரையில் ஒதுங்கியும் நீரில் மிதந்தும் கிடந்த எண்ணற்ற இறந்த சால்மன்களையும் கிளார்க் தம் நாட்குறிப்பில் பதிவுசெய்தார். இத்தனை மீன்கள் இறந்ததன் காரணம் தமக்கு விளங்கவில்லை என்றும் எழுதினார். கரைவாழ் மக்களிடம் மீன் மிகுதியாக இருந்தும், அது செத்துக் கிடந்ததாக இருக்கலாம் என ஐயுற்ற குழுவினர், உணவுக்காக அவர்களிடமிருந்து நாய்களை விலைக்கு வாங்கினர்.

அந்த மீன்கள் நோயால் இறக்கவில்லை. முட்டையிட்டபின் இறப்பது பசிபிக் சால்மன்களின் வாழ்க்கை முறை. கிளார்க் கண்டது ஒரு புதிர். அவருக்குப் பின் வந்த ஆலை முதலாளிகள் கண்டது ஒரு விரயம். இருபதாம் நூற்றாண்டின் ஏரியியலாளர்கள் கண்டது ஓர் உரம். ஒரே பொருள் இவ்வாறு மூன்றாகப் பார்க்கப்பட்ட வரலாற்றையே இக்கட்டுரை பின்தொடர்கிறது. இது அறிவு வளர்ந்த வரலாறு மட்டுமன்று. எண்ணப்பட்டது எது, எண்ணப்படாமல் விடப்பட்டது எது என்னும் வரலாறும் ஆகும்.

1. மேல்நோக்கிப் பாயும் சத்து

ஆறு நிலத்தின் சத்தைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுசெல்கிறது. மழை மிகுந்த, பாறைப்பாங்கான வட பசிபிக் கரையோர ஓடைகளிலும் ஏரிகளிலும் தழைச்சத்தாகிய நைட்ரஜனும் மணிச்சத்தாகிய பாஸ்பரஸும் இயல்பாகவே மிகக் குறைவு. புவியீர்ப்பை எதிர்த்துக் கடற்சத்தை மலைநோக்கிக் கொண்டுவரும் வழிகள் சிலவே. அவற்றுள் வலசை மீன்கள் தலையாயவை.

சால்மன் குஞ்சு ஆற்றைவிட்டு வெளியேறும்போது அதன் எடை சில கிராம்களே. திரும்பும்போது அது சில கிலோ எடையுடையது. அதன் உடலில் பெரும்பங்கு, 95 விழுக்காட்டுக்கும் மேல், கடலிலேயே திரண்டதாகும். ஆற்றுக்குள் நுழைந்தபின் அது பெரும்பாலும் உண்பதில்லை. சேர்த்துவைத்த கொழுப்பையும் தசையையும் எரித்தே நீரோட்டத்தை எதிர்த்து ஏறுகிறது. எனவே அது ஆற்றில் விட்டுச்செல்லும் உடல் கடலின் ஒரு பகுதியே.

இதன் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். மீனின் உடல் எடையில் தழைச்சத்து ஏறத்தாழ 3 விழுக்காடு. மணிச்சத்து ஏறத்தாழ 0.35 விழுக்காடு. ஒவ்வொன்றும் 2.5 கிலோ எடையுள்ள 10 லட்சம் மீன்கள் ஓர் ஏரியில் இறந்தால், 75 டன் தழைச்சத்தும் 9 டன்னுக்குச் சற்றுக் குறைவான மணிச்சத்தும் அந்நீர்நிலையைச் சேரும். மணிச்சத்துப் பற்றாக்குறையால் பாசி வளர்ச்சி கட்டுண்டு கிடக்கும் ஏரிக்கு இது பெரும் வரவு. பாசியை நுண்விலங்குகள் உண்ண, அவற்றைச் சால்மன் குஞ்சுகள் உண்ணுகின்றன. சாக்கை என்னும் சால்மன் வகையின் குஞ்சுகள் பொதுவாக ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஏரியிலேயே வளர்வதால், பெற்றோரின் உடல் பிள்ளைகளின் உணவாக மாறும் சுழற்சி அங்கு மிகத் தெளிவாகப் புலப்படுகிறது.

2. கார்லுக்: பிடிப்பும் விதையும்

அலாஸ்காவின் கோடியாக் தீவில் உள்ள கார்லுக் ஏரியின் பரப்பு சுமார் 39 சதுர கிலோமீட்டர். அதிலிருந்து புறப்படும் கார்லுக் ஆறு, தீவின் மேற்குக் கரையில் ஒரு காயலின் வழியே கடலில் கலக்கிறது. அலூட்டிக் மக்கள் இந்த ஆற்றின் கரையில் பன்னெடுங்காலமாக வாழ்ந்து மீன்பிடித்து வந்தனர். 1867இல் அலாஸ்கா ரஷ்யாவிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறிய பின், 1882இல் கார்லுக் முகத்துவாரத்தில் மீனைத் தகரக் குவளைகளில் அடைக்கும் முதல் ஆலை நிறுவப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் போட்டி ஆலைகள் பல தோன்றின. 1880களின் இறுதியிலும் 1890களிலும் பல ஆண்டுகளில் இங்குப் பிடிபட்ட சாக்கை சால்மன்களின் எண்ணிக்கை 20 லட்சத்தைத் தாண்டியது.

வரத்துக் குறையக்கூடும் என்னும் அச்சம் எழுந்தபோது ஆலையினர் கண்ட தீர்வு பொரிப்பகம். 1896 முதல் 1916 வரை கார்லுக் காயலில் தனியார் பொரிப்பகம் ஒன்று இயங்கியது. முதிர்ந்த மீன்களிலிருந்து முட்டைகளை எடுத்துக் கருவுறச்செய்து, குஞ்சுகளை வளர்த்து விடுவதே அதன் பணி. ஆற்றில் இயற்கையாக முட்டையிடும்போது பல முட்டைகள் அழிகின்றன. பொரிப்பகத்தில் அவற்றைக் காக்கலாம் என்னும் எண்ணமே அதன் அடிப்படை. இந்த ஏற்பாட்டில் முட்டை காக்கப்பட்டது; ஆனால் முட்டையைச் சுமந்துவந்த உடல் ஏரியைச் சென்றடையவில்லை. அது இழப்பாக எவருக்கும் தோன்றவில்லை. முட்டை எடுத்தபின் எஞ்சிய உடலுக்கு அக்கணக்கில் மதிப்பில்லை.

1921இல் கார்லுக் ஆற்றின் குறுக்கே எண்ணும் வேலி ஒன்று அமைக்கப்பட்டு, ஏரியை நோக்கிச் செல்லும் மீன்கள் ஆண்டுதோறும் எண்ணப்படலாயின. 1924இல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய வைட் சட்டம், அலாஸ்காவில் இவ்வாறு மீன் எண்ணப்படும் ஆறுகளில் வரத்தில் பாதியையேனும் முட்டையிட விடவேண்டும் என வகுத்தது. மீன்வள அலுவலர்களின் வழக்கில் இவ்வாறு விடப்பட்ட மீன்களுக்கு இட்ட பெயர், தப்பிச்சென்றவை என்னும் பொருளுடையது. இச்சொல் ஒரு பார்வையை வெளிப்படுத்துகிறது. மீனின் இயல்பான முடிவு வலை. அதிலிருந்து தப்பியது விதை. விதையாகும் அளவுக்கு மேல் தப்பியது விரயம். கணக்கேட்டில் இவ்விரு பத்திகள் மட்டுமே இருந்தன.

3. ஓர் ஏரியியலாளரின் கேள்வி

1926 முதல் 1930 வரை விஸ்கான்சினைச் சேர்ந்த ஏரியியலாளர் சான்சி ஜூடே, சால்மன் ஆய்வாளர் வில்லிஸ் ரிச் ஆகியோரும் அவர்தம் உடனுழைப்பாளர்களும் அமெரிக்க மீன்வளத் துறைக்காகக் கார்லுக் ஏரியை ஆராய்ந்தனர். அதன் வெப்பநிலை, கரைந்த உயிர்வளி, சிலிகா, நைட்ரஜன், பாஸ்பரஸ், மிதவை உயிரிகள் ஆகியவற்றை அளந்தனர். 1932இல் வெளியான அவர்களது அறிக்கை, ஏரியின் வளத்துக்கு இறந்த சால்மன்களிலிருந்து கிடைக்கும் சத்து இன்றியமையாத பங்களிக்கிறது என்னும் கருத்தை அளவீட்டின் துணையுடன் முன்வைத்தது.

இதன் உட்பொருள் எளியது, ஆனால் ஆழமானது. முட்டைகளின் எண்ணிக்கை போதுமானதாக இருந்தாலும், அவற்றிலிருந்து வரும் குஞ்சுகளுக்கு உணவு போதாமல் போகலாம். அரைநூற்றாண்டுக் காலம் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான உடல்களை ஏரியிலிருந்து தடுத்துவைத்தது, நெல்லை அறுத்து வைக்கோலையும் விற்று, வயலுக்கு எருவே இடாமல் மீண்டும் விதைத்ததற்கு ஒப்பாகும்.

இக்கருத்தைச் சோதிக்கும் முயற்சி 1950இல் தொடங்கியது. கோடியாக் தீவிலேயே உள்ள பேர் ஏரி என்னும் சிற்றேரியில் பிலிப் நெல்சனும் எட்மண்ட்சனும் நைட்ரஜன், பாஸ்பரஸ் உரங்களை இட்டனர். நீரில் ஒளிச்சேர்க்கை உயர்ந்தது. தாவர மிதவை உயிரிகள் பெருகின. சாக்கைக் குஞ்சுகளின் வளர்ச்சியும் கூடியது. 1955இல் வெளியான இம்முடிவு ஜூடேயின் கருத்துக்கு வலுவூட்டியது.

எனினும் அதே காலத்தில் மீன்வள நிருவாகம் வேறு திசையில் சென்றது. கனடிய அறிஞர் வில்லியம் ரிக்கர் 1954இல் வெளியிட்ட கணித மாதிரி, முட்டையிடும் மீன்களின் எண்ணிக்கைக்கும் அவற்றின் வழித்தோன்றல்களின் எண்ணிக்கைக்கும் உள்ள உறவை ஒரு வளைகோடாக வரைந்தது. ஓர் எல்லைக்கு மேல் முட்டையிடும் மீன்கள் பெருகினால் அடுத்த தலைமுறை குறையும் என்பது அதன் ஒரு முடிவு. நெரிசலில் பிந்திவரும் மீன்கள் முந்திவந்தவற்றின் முட்டைக் குழிகளைக் கிளறிவிடுவது போன்ற காரணங்களால் இது பல ஆறுகளில் உண்மையே. ஆனால் அம்மாதிரியில் மீன் பெற்றோராக மட்டுமே இடம்பெற்றது, உரமாக இடம்பெறவில்லை. ஓர் ஆற்றுக்குத் தேவையான மீன்களின் எண்ணிக்கையை நிருவாகிகள் அத்தகைய வளைகோட்டிலிருந்தே பெற்றனர். கார்லுக்கில் எழுந்த கேள்வி தவறென நிறுவப்படவில்லை. அதைப் பதிவுசெய்ய ஏட்டில் இடமில்லாமற்போயிற்று.

கார்லுக் வரத்தின் வீழ்ச்சிக்கு வேறு விளக்கங்களும் இருந்தன. பருவத்தின் நடுப்பகுதியில் வந்த கிளைக்குழுக்கள் மிகைப் பிடிப்பால் அழிந்தன என்பது அவற்றுள் ஒன்று. சத்துக்குறைவு மட்டுமே காரணம் என நிறுவுவதற்கு, இந்த ஏரியில் உள்ள நைட்ரஜன் கடலிலிருந்து வந்ததுதான் என்று காட்டும் நேரடிச் சான்று தேவைப்பட்டது.

4. நைட்ரஜன் தந்த சான்று

அச்சான்றை நைட்ரஜனின் ஓரிடத்தான்கள் அளித்தன. இயற்கையில் நைட்ரஜனுக்கு 14, 15 என்னும் நிறை எண்களையுடைய இரு நிலையான வடிவங்கள் உள்ளன. உணவுச் சங்கிலியில் மேலே செல்லச்செல்லக் கனமான நைட்ரஜன்-15இன் விகிதம் கூடுகிறது. கடலின் நீண்ட உணவுச் சங்கிலியில் உண்டு வளர்ந்த சால்மனின் உடலில் அது மிகுதி; நிலத்திலிருந்து ஓடைக்கு வரும் நைட்ரஜனில் குறைவு. ஆகவே ஒரு பாசியிலோ பூச்சியிலோ இலையிலோ இவ்விகிதத்தை அளந்தால், அதன் நைட்ரஜனில் எவ்வளவு கடலிலிருந்து வந்தது என மதிப்பிடலாம்.

1990இல் தாமஸ் கிளைனும் உடனாய்வாளர்களும் தென்கிழக்கு அலாஸ்காவின் சஷின் ஓடையில் இம்முறையைக் கையாண்டனர். அங்குள்ள அருவி ஒரு வாய்ப்பான எல்லை. அருவிக்குக் கீழே சால்மன்கள் முட்டையிட்டு இறக்கின்றன. மேலே அவற்றால் ஏற இயலாது. கீழ்ப்பகுதியின் பாசி முதல் மீன் வரை கடல் நைட்ரஜனின் தடம் தெளிவாகத் தென்பட்டது; மேற்பகுதியில் அது இல்லை. 1996இல் வாஷிங்டன் மாநில ஓடைகளில் ராபர்ட் பில்பியும் உடனாய்வாளர்களும் கோஹோ சால்மன் உடல்களின் சத்து நீர்ப்பூச்சிகளையும் குஞ்சுகளையும் சென்றடைவதைக் காட்டினர்.

இவை நிகழ்காலத்தைப் பற்றியவை. கடந்தகாலத்துக்கு ஏரியின் அடிவண்டலே ஆவணமாயிற்று. ஆண்டுதோறும் படியும் வண்டல், அவ்வாண்டில் ஏரிக்கு வந்த நைட்ரஜனின் தன்மையைத் தன்னுள் பொதிந்துவைக்கிறது. புரூஸ் ஃபின்னியும் உடனாய்வாளர்களும் கார்லுக் உள்ளிட்ட ஏரிகளின் வண்டலை ஆராய்ந்து 2000இல் முந்நூறு ஆண்டுகளின் வரலாற்றையும், 2002இல் கோடியாக் தீவின் ஏரிகளைக் கொண்டு 2,200 ஆண்டுகளின் வரலாற்றையும் வெளியிட்டனர்.

அவ்வரலாறு எளிய குற்றப்பத்திரிகையாக அமையவில்லை. ஆலைகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரத்தில் ஒரு பெருஞ்சரிவு நேர்ந்திருந்தது. அதற்கு முன்னரும் நூற்றாண்டுக் கணக்கில் நீடித்த ஏற்றத்தாழ்வுகள் காலநிலையைச் சார்ந்து நிகழ்ந்துள்ளன. ஆனால் ஆலைகளின் காலத்துக்குப் பின் நேர்ந்த வீழ்ச்சிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பிடிப்பால் உடல்கள் ஏரியை அடையவில்லை, சத்துக் குறைந்ததால் பாசியும் மிதவை உயிரிகளும் குறைந்தன, குஞ்சுகள் நலிந்தன, வரத்து மேலும் குறைந்தது. ஜூடேயின் குழு ஐயுற்ற சுழற்சி எழுபது ஆண்டுகளுக்குப் பின் ஏரியின் சேற்றிலிருந்து வாசிக்கப்பட்டது. இதற்கிடையில், 1986 முதல் 1990 வரை கார்லுக் ஏரிக்கே உரமிடும் முயற்சியும் மேற்கொள்ளப்பட்டது. மீன் தாமே கொண்டுவந்திருக்கக்கூடிய சத்து, மனித முயற்சியால் ஏரியில் இடப்பட்டது.

5. கரடியும் கரைமரமும்

சத்து நீரோடு நிற்பதில்லை. கனடாவின் ஹைடா குவாய் தீவுகளில் தாமஸ் ரைம்சென் மேற்கொண்ட ஆய்வு, ஒவ்வொரு கருங்கரடியும் ஒரு பருவத்தில் ஏறத்தாழ 700 சால்மன்களைப் பிடித்துக் காட்டுக்குள் இழுத்துச்செல்வதாகக் காட்டியது. கரடி மீன் முழுவதையும் உண்பதில்லை. எஞ்சியதைப் பறவைகளும் புழுக்களும் உண்ண, மிகுதி மண்ணில் மக்குகிறது. கரடியின் சிறுநீரும் சாணமும் கூடவே சேர்கின்றன.

2001இல் ஜேம்ஸ் ஹெல்ஃபீல்டும் ராபர்ட் நைமனும், தென்கிழக்கு அலாஸ்காவில் முட்டையிடும் ஓடைகளின் கரையோரத் தாவரங்களின் இலைகளில் உள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ 22 முதல் 24 விழுக்காடு சால்மனிலிருந்து வந்தது என மதிப்பிட்டனர். அங்குள்ள சிட்கா ஸ்புரூஸ் மரங்கள் விரைந்து வளர்வதாகவும் கூறினர். மர வளர்ச்சி குறித்த இப்பகுதி 2003இல் விமர்சனத்துக்கு உள்ளாயிற்று. கரடி மீன் தின்னும் இடமும் மரம் இயல்பாகச் செழிக்கும் இடமும் ஒன்றாகவே அமையும்போது, எது காரணம், எது உடனிகழ்வு எனப் பிரித்தறிவது எளிதன்று.

இச்சிக்கலுக்கு ஒரு விடை எதிர்பாராத வழியில் கிடைத்தது. அலாஸ்காவின் ஹான்சன் ஓடையில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் குவின் குழுவினர் ஆண்டுதோறும் இறந்த சாக்கை மீன்களை எண்ணிவந்தனர். ஒரே மீனை இருமுறை எண்ணாதிருக்க, எண்ணி முடித்தவற்றை ஒரு கரையின்மீதே எறிந்தனர். இருபது ஆண்டுகளில் அவ்வாறு எறியப்பட்டவை 2 லட்சத்துக்கும் மேல். 2018இல் இரு கரைகளின் மரவளையங்களையும் ஒப்பிட்டபோது, முன்னர் வளர்ச்சியில் பின்தங்கியிருந்த கரையின் ஸ்புரூஸ் மரங்கள் மீன் பெற்றபின் விரைந்து வளர்ந்து அக்குறையை ஈடுசெய்திருந்தன. கணக்கெடுப்பின் கழிவே சோதனையாக மாறிய இந்நிகழ்வு இவ்வரலாற்றுக்குப் பொருத்தமான ஒரு திருப்பம்.

6. கணக்கின் எல்லைகள்

2000இல் டெட் கிரெஷ், ஜிம் லிச்சடோவிச், பீட்டர் ஷூன்மேக்கர் ஆகியோர் ஆலைகளின் பழைய பதிவுகளைக் கொண்டு, அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு ஆறுகளுக்கு முன்பு வந்த கடற்சத்தில் 6 முதல் 7 விழுக்காடு மட்டுமே இன்று வருகிறது என மதிப்பிட்டனர். பிடிப்பு மட்டுமன்றி அணைகளும், காடழிப்பும், நிலப் பயன்பாட்டு மாற்றங்களும் இதற்குக் காரணங்கள். 1942இல் நிறைவுற்ற கிராண்ட் கூலி அணை கொலம்பியாவின் மேற்பகுதியைச் சால்மனுக்கு முற்றிலுமாக அடைத்தது.

இக்கோட்பாடு வலுப்பெற்றபின், பொரிப்பகங்களில் எஞ்சிய உடல்களை ஓடைகளில் இடும் திட்டங்கள் தோன்றின. இங்கு எச்சரிக்கை தேவை. முதலாவதாக, வெளியேறும் குஞ்சுகளும் சத்தைக் கடலுக்கு எடுத்துச்செல்கின்றன. வருவாய் மிகக் குறைந்த ஆறுகளில் செலவு வருவாயை நெருங்கக்கூடும். இரண்டாவதாக, சத்தோடு நஞ்சும் வருகிறது. சாக்கை மீன்கள் பிசிபி என்னும் தொழிற்சாலை வேதிப்பொருள்களை அலாஸ்கா ஏரிகளுக்குக் கொண்டுசேர்ப்பதை 2003ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. மூன்றாவதாக, உயிருள்ள மீன் செய்யும் பணிகளை எறியப்பட்ட உடல் செய்வதில்லை. முட்டைக் குழி தோண்டும் மீன் ஆற்றுப்படுகையைப் புரட்டுகிறது. கரடியையும் கழுகையும் அழைக்கிறது. வாரக்கணக்கில் பரவி வந்து பரவி இறக்கிறது.

வழியைத் திறந்துவிடுவதே மேலான தீர்வு என்பதற்கு வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆறு சான்று. 1913, 1927 ஆகிய ஆண்டுகளில் கட்டிமுடிக்கப்பட்ட அதன் இரு அணைகளும் 2011 முதல் 2014 வரை படிப்படியாக அகற்றப்பட்டன. சால்மன் திரும்பிய இடங்களில், நீர்ப்பூச்சிகளை உண்டு வாழும் சிறு பறவையினம் ஒன்றின் உடலில் கடல் நைட்ரஜன் விரைவிலேயே தென்படலாயிற்று.

7. எலும்பைத் திருப்பித்தரும் மரபு

ஜூடே கார்லுக்கில் பணி தொடங்கிய அதே 1926இல், மானிடவியலாளர் எர்னா கந்தர் வடமேற்குக் கரையோரப் பழங்குடியினரின் முதல்சால்மன் சடங்கைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டார். பருவத்தின் முதல் மீனை மரியாதையுடன் வரவேற்று, பகிர்ந்துண்டு, எலும்புகளை நீரிலேயே சேர்ப்பது பல குழுக்களின் வழக்கம். எலும்பு திரும்பினால் மீன் மீண்டும் உயிர்பெற்று வரும் என்பது அவர்களின் நம்பிக்கை.

இதனைத் தழைச்சத்து, மணிச்சத்துக் கோட்பாட்டின் முன்வடிவம் எனக் கொள்வது பொருந்தாது. அவர்கள் பேசியது வேதிப்பொருளைப் பற்றியன்று; மீனுக்கும் மனிதருக்கும் இடையிலான கடமையைப் பற்றி. ஆயினும் ஒப்பிடத்தக்க ஒரு கூறு உண்டு. ஆலைகளின் கணக்கேட்டில் இல்லாத மூன்றாவது பத்தி இம்மரபில் இருந்தது. உண்டபின் எஞ்சியதும் எவருக்கோ உரியது என்னும் எண்ணம் அங்குச் செயல்பட்டது.

முடிவுரை

இறந்த சால்மன் ஆற்றுக்கு உரமாகிறது என்னும் கருத்து அண்மைக் காலக் கண்டுபிடிப்பு அன்று. 1932இலேயே அது அளவீட்டுடன் முன்வைக்கப்பட்டது. 1955இல் சோதனை அதற்கு ஆதரவளித்தது. 1990க்குப் பின் ஓரிடத்தான் முறையால் உறுதிபெற்றது. இடைப்பட்ட தாமதத்தைக் கருவிகள் இல்லாமையால் மட்டும் விளக்க இயலாது. பிடிப்பும் விதையும் தவிர வேறெதையும் பதியாத கணக்குமுறை, தன்முன் இருந்த சான்றைக் காண இயலாததாக இருந்தது.

இக்கேள்வி இன்னும் முடியவில்லை. எத்தனை சால்மன்களை ஆற்றுக்குள் விடவேண்டும் என்பதை ஆண்டுதோறும் நிருவாகிகள் தீர்மானிக்கின்றனர். அது எத்தனை குஞ்சுகள் வேண்டும் என்னும் கேள்வி மட்டுமானால் விடை ஓர் எண். பாசிக்கும் பூச்சிக்கும் கரடிக்கும் கரைமரத்துக்கும் எவ்வளவு வேண்டும் என்பதும் சேர்ந்த கேள்வியானால் விடை அதனினும் பெரிய ஓர் எண். அவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட மீன்கள் இன்று மீனவர்களின் வலையில் வருமானமாக இருப்பதால், அவற்றை இறப்பதற்காக விடுவது எளிய முடிவன்று. ஆயினும் அவற்றை விரயம் என்று அழைப்பதற்கு இனிச் சான்றின் துணை இல்லை.